காற்றுப் புகாத பெட்டி

கசானே, சுற்றுலா லாரி முகாம்.
1997 ஆகஸ்ட் 19, செவ்வாய், காலை ஐந்து நாற்பது. வண்டியில் பதினேழு பேர்.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

ஹிஸ்கியா எழுதுவது. நான் நலம். நீங்கள் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தீர்களா? மவூனில் உங்களைப் பஸ் ஏற்றிவிட்டபோது ஜன்னலோர இடம் கிடைத்ததா என்றுகூட நான் பார்க்கவில்லை. வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். டீசல் முந்தின நாளே போட்டாயிற்று.

காலையில் தலை எண்ணுவது ஓட்டுநர் வேலை. போன வாரம் எண்ணியபோது பத்தொன்பது: பயணிகள் பதினாறு, ஊழியர் நாம் மூவர். தோள் எலும்பு உடைந்த ஹாலந்து டீச்சரம்மாவும் அவர் கணவரும் விமானத்தில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். நீங்களும் இல்லை. உங்கள் இடத்துக்கு மவூனில் ஒருவனைப் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். அவன் கிண்டும் மக்காச்சோளக் களியை வைத்து நான் முன் கண்ணாடியை ஒட்டுவேன், மழைக்காலம் முழுக்க அசையாது. பயணிகள் வாய்விட்டு ஒன்றும் சொல்வதில்லை. பிஸ்கட் வாங்க வரிசையில் நிற்கிறார்கள்.

மாக்டாவின் அறிக்கை நேற்று விண்ட்ஹுக் அலுவலகத்துக்குப் போய்விட்டது. அனுப்புவதற்கு முன் பயணத் தலைவி என்ற முறையில் என்னிடம் படிக்கக் கொடுத்தாள். அதில் இருப்பதை அப்படியே சொல்கிறேன். பதினான்காம் தேதி, மாபாபேக்கு வடக்கே உள்ள முகாம், மதியம் மூன்றரை மணி. எல்லோரும் வெயிலுக்கு ஒதுங்கிப் படுத்திருக்கையில் ஒற்றை ஆண் யானை உள்ளே நடந்து வந்து வண்டியின் சமையல் பெட்டியைத் தந்தத்தால் நெம்பியது. பிய்த்துக்கொண்டு பறந்த கதவு, நிழலில் தூங்கிக்கொண்டிருந்த பயணியின் தோளில் விழுந்தது. பெட்டிக்குள் ஒரு பை ஆரஞ்சு இருந்தது. வனவிலங்குப் பூங்காவுக்குள் ஆரஞ்சு கொண்டுபோகக் கூடாது, வாசனைக்கு யானை வந்துவிடும் என்பது எல்லா ஊழியருக்கும் தெரிந்த விதி. பெட்டிச் சாவி சமையல்காரரிடம் இருந்தது. கேட்டபோது அவர் மறுக்கவில்லை.

அந்தக் கடைசி வரியை என்னால் தாண்ட முடியவில்லை. ஏன் மறுக்கவில்லை? மாக்டா உங்களைக் கேட்டபோது நான் பத்தடி தள்ளி டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். கம்ப்ரசர் சத்தத்தில் எனக்குக் கேட்டிருக்காது என்று நினைத்திருப்பீர்கள். கேட்டது. நான் கம்ப்ரசரை அணைத்திருக்கலாம்.

பெட்டிக்கு இரண்டாவது சாவி ஒன்று உண்டு, அது என் சாவிக்கொத்தில் தொங்குகிறது என்பது அறிக்கையில் இல்லை. மாக்டாவுக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்தைத் தெற்கே போகும் நம் கம்பெனியின் மூன்றாம் வண்டியில் கொடுக்கிறேன். கோரிக்சாஸ் பெட்ரோல் நிலையத்தில் வைப்பார்கள்.

தங்கள் மருமகன்,
ஹிஸ்கியா


கோரிக்சாஸ்,
ஆகஸ்ட் 27, புதன்.

டேய் ஹிஸ்கியா,

கடிதம் கிடைத்தது. ‘தங்கள் மருமகன்’ என்று இருந்ததைப் பார்த்து, வங்கிக்காரன் எவனோ எழுதியிருக்கிறான் என்று பயந்துபோனேன். உன் அத்தை ஆன்னாவிடம் காட்டினேன். “உன் மருமகனுக்குக் காய்ச்சலா? இம்புட்டு மரியாதையா எழுதியிருக்கான்” என்றாள். என் தட்டிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தின்று வளர்ந்த பயல் நீ. எங்கேயாவது அக்கா மகன் மாமனை ‘நீங்கள்’ என்று எழுதுவானா? தெருவில் படித்துக் காட்டினால் சிரித்தே செத்துப்போவார்கள். இத்தோடு நிறுத்து.

நான் நலம். ஆடுகளும் நலம். ஆன்னாதான் என்னை வீட்டில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கிறாள். பதினான்கு வருஷமாக லாரிக்கூட்டத்துக்குச் சமைத்த கை. வீட்டில் இருக்கிற ஐந்து பேருக்கு அளவு வர மாட்டேன் என்கிறது. முந்தாநாள் கிண்டிய களியை நாங்கள் தின்று, பக்கத்து வீடு தின்று, பக்கத்து வீட்டு நாய் தின்று, இன்னும் பாதிப் பானை கிடந்தது. அந்த நாய் இப்போது என்னைக் கண்டால் எழுந்து போய்விடுகிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். மவூனை விட்டுக் கிளம்பிய அன்று மாலை அரிசி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். மூட்டைக்குப் பின்னால் ஒரு பச்சைச் சட்டை, அதற்குள் பை. அந்தச் சட்டையை எனக்குத் தெரியாதா? என் சட்டை. போன கிறிஸ்துமஸுக்கு நீ என் வீட்டிலிருந்து போட்டுக்கொண்டு போனது. மருமகன் சாமான், மருமகன் பாடு என்று கதவை மூடிவிட்டேன். எடுத்து முள்ளுக்காட்டில் வீசியிருக்கலாம். அன்றைக்கு உடம்பில் சோம்பல், அவ்வளவுதான். ஆகவே நான் ஏதோ வானத்திலிருந்து இறங்கியவன் என்று நினைத்து உருகாதே.

மாக்டா கேட்டபோது நீ அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய். முதுகைப் பார்த்ததுமே எனக்கு விளங்கிவிட்டது. நம் ஜனங்களின் வழக்கம் உனக்குத் தெரியும். மாமன் மந்தையில் நல்ல ஆட்டை மருமகன் கேட்காமல் ஓட்டிக்கொண்டு போகலாம். பதிலுக்கு மருமகனிடம் இருக்கிற நொண்டியையும் குருடையும் மாமன் எடுத்துக்கொள்ளலாம். மருமகன் வாயைத் திறக்கக் கூடாது. என் பூட்ஸ், என் ரேடியோ, என் சட்டை எல்லாவற்றையும் நீ எடுத்தாய். இந்த நொண்டியை நான் எடுத்துக்கொண்டேன். ஊரில் யாரைக் கேட்டாலும் நியாயம் என்பார்கள்.

செப்டம்பர் பதினைந்து, திங்கள், ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் விசாரணை என்று தாக்கீது வந்திருக்கிறது. குடித்ததற்கு ஏற்கெனவே ஓர் எச்சரிக்கை என் பெயரில் இருக்கிறது. இது இரண்டாவது. அப்புறம் வெளியேதான். மற்ற கம்பெனிகளும் எடுக்க மாட்டார்கள். இந்த முதலாளிமார் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஒரே தணலைச் சுற்றி நின்று இறைச்சி சுடுகிறவர்கள். பரவாயில்லை. நீ டிப்ளமா வாங்கியவன், இருபத்து நாலு வயது. வாயை மூடிக்கொண்டு வண்டியை ஓட்டு.

மாமன்,
சாகரியாஸ்


விக்டோரியா அருவி முகாம்.
1997 செப்டம்பர் 3, புதன், மதியம் ஒன்று பத்து. வண்டியில் யாரும் இல்லை.

மாமா,

சரி, ‘நீ’.

பழைய கூட்டம் நேற்றுப் போய்விட்டது. புதுக் கூட்டம் நாளை வருகிறது. அதனால்தான் இவ்வளவு எழுத நேரம்.

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா. அதுதான் தோன்றியது. வண்டிக்குக் கீழே படுத்து கிரீஸ் அடித்துக்கொண்டே விசில்கூட அடித்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் யார் விசில் அடிப்பது என்று எனக்கே உறைத்தது. அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. அதில் புதுச் சமையல்காரனுக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

ஒன்றை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அந்த ஆரஞ்சைத் தின்பதற்காக நான் வாங்கவில்லை.

ஜூலையில் பட்டறையில் வைத்து உன் பெட்டிக் கதவுக்கு ரப்பர் விளிம்பு ஒட்டினேன் அல்லவா? செஸ்ரியம் பாலைவன முகாமில் மணற்காற்று அடித்த அன்று, கூடாரங்கள் எல்லாம் பிடுங்கிக்கொண்டு ஓடியபோது, நீ பெட்டியைத் திறந்து ரொட்டியை எடுத்துப் பயணிகளிடம் காட்டினாய். “ஒரு பொட்டு மணல் இல்ல பாருங்க. எங்க இஞ்சினியர் செஞ்சது” என்றாய். எல்லோரும் கை தட்டினார்கள். அன்றைக்கே என் மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது: புழுதி உள்ளே போகாது என்றால் வாசனை மட்டும் எப்படி வெளியே வரும்? பூங்கா வாசலில் பையைக் கிண்டி ஆரஞ்சைப் பிடுங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எப்போதும் எரிச்சல். நல்ல பெட்டி செய்யத் தெரியாதவர்கள் போட்ட விதி என்று நினைத்தேன். மவூன் சந்தையில் வாங்கி, உன் சட்டையில் சுற்றி, உன் பெட்டிக்குள் வைத்தேன். உன்னைக் கேட்கத் தோன்றவே இல்லை. உன்னிடம் எதை எடுப்பதற்கும் நான் கேட்டதில்லை, வைப்பதற்கும் கேட்கவில்லை. இரண்டு இரவு யானை வராமல் இருந்தால் என் ரப்பர் ஜெயித்தது என்று அர்த்தம். பதினாறு பேர் படுத்துத் தூங்குகிற இடத்தில் வைத்து இதைச் சோதித்தேன்.

எங்கே தவறியது என்றும் கண்டுபிடித்துவிட்டேன். கீழ் மூலையில் இரண்டு ரப்பர் துண்டுகள் சேரும் இடத்தை நான் சூடு வைத்து இணைத்திருக்க வேண்டும். அவசரத்தில் பசை போட்டேன். மதிய வெயிலில் தகரம் கொதிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து அந்த மூலை வழியாக வெளியே தள்ளும். அதனால்தான் இரவில் வராத யானை மதியம் வந்தது. இணைப்பை மட்டும் சரியாகச் செய்திருந்தால்

பார். மறுபடியும் ரப்பருக்கே போய்விட்டேன்.

நேற்று முதலாளி ஹென்னி தொலைபேசியில் பேசினார். “உன் ரப்பர் அருமையான வேலப்பா. திரும்பி வந்ததும் நாலு வண்டிக்கும் போட்டுடு. சமையல்காரன் பண்ணின காரியத்துக்கு உன் வேலை என்ன பண்ணும்” என்றார். நான் “சரிங்க சார்” என்றேன். “நன்றிங்க சார்” என்றும் சொன்னேன். தொலைபேசிக் கூண்டை விட்டு வெளியே வந்தபோது எனக்குப் பின்னால் நின்றவர் உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

நான் என்ன செய்யட்டும் என்று நீயே சொல். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

மருமகன்,
ஹிஸ்கியா


கோரிக்சாஸ்,
செப்டம்பர் 7, ஞாயிறு.

ஹிஸ்கியா,

ரப்பரைப் பற்றி இவ்வளவு எழுத முடியும் என்று எனக்கு இதுவரை தெரியாது. ஆன்னா பாதியிலேயே தூங்கிவிட்டாள்.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. நான் சொல்ல வேண்டியதைப் போன கடிதத்தில் சொல்லிவிட்டேன். இன்னொரு தடவை என் வாயால் கேட்டால் உனக்குத் தூக்கம் வரும் என்றால், அந்த வேலைக்கு நான் ஆளில்லை.

உன் அம்மா வந்திருந்தாள்.

ஃபிரான்ஸ்ஃபொன்டைனிலிருந்து யாரோ வண்டியில் ஏறி வந்து இறங்கினாள். வாசல் கம்பி வேலியைத் தாண்டி உள்ளே வரவில்லை. வெயிலில் நின்றபடியே கேட்டாள். “மறுபடியும் குடிச்சியா சாகரியாஸ்? அந்தப் பொம்பள செத்திருந்தா என்ன பண்ணியிருப்பே? எம்புள்ள வேலைக்கும் சேர்த்து மண்ணள்ளிப் போட்டிருப்பியே.” உன்னோடு நான் எதை வேண்டுமானாலும் பேசுவேன், அசிங்கமாகக்கூடப் பேசுவேன். கூடப்பிறந்த அக்காவிடம் அது முடியாது. அவள் கேட்டால் நான் தரையைப் பார்ப்பேன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான். தரையைப் பார்த்தேன். அவள் அதையே பதிலாக எடுத்துக்கொண்டாள்.

கிழங்கும் இறைச்சியும் வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். கம்பிக்கு மேலாக ஆன்னாவிடம் நீட்டி, “பிள்ளைங்களுக்கு” என்றாள். எப்போதும் என் பங்கை முதலில் எடுத்துவைக்கச் சொல்கிறவள்.

மாக்டாவிடம் பொய் சொல்வது சுலபமாக இருந்தது. நான் ஒரு சொல்லும் சொல்லாமலே அக்காவிடம் சொன்ன பொய்தான் கிடந்து உறுத்துகிறது. உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் எனக்கு இருப்பது நீ ஒருத்தன்தான், வசமாக மாட்டியிருக்கிறாய்.

பதினான்காம் தேதி ஞாயிறு விண்ட்ஹுக் வந்து கட்டுட்டூராவில் ஆன்னாவின் தங்கை வீட்டில் தங்குகிறேன். உன் வண்டியும் அன்றைக்குத்தான் வந்து சேரும். திங்கட்கிழமை அலுவலகப் பக்கம் தலை காட்டாதே. உன் மூஞ்சியில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.

சாகரியாஸ்


மாபாபேக்கு வடக்கே, அதே முகாம்.
1997 செப்டம்பர் 11, வியாழன், மாலை நாலே கால். வண்டியில் பதினெட்டுப் பேர்.

மாமா,

உன் கடிதம் கசானே பெட்ரோல் நிலையத்தில் கிடைத்தது. இரண்டு நாளாகச் சட்டைப் பைக்குள் இருக்கிறது. இந்தக் கடிதத்தை டயர் கொண்டுவந்த சின்ன லாரியில் அனுப்புகிறேன். அவன் எங்கும் நிற்காமல் விண்ட்ஹுக் போகிறான். கட்டுட்டூரா வீட்டில் சனிக்கிழமையே கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறான்.

பூங்கா வாசலில் இன்று காவலுக்கு இருந்தவர் கெபோனாங். உனக்கு அவரைத் தெரியும், உன் ரொட்டிக்காகவே நம் வண்டியை மெதுவாகச் சோதனை போடுகிறவர். நான் பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன். அவர் எட்டிப் பார்த்து, “ஆரஞ்சு வண்டிதானே?” என்றார். இப்போது நம் வண்டிக்கு அதுதான் பெயராம்.

“சமையல்காரன் எங்க? சாகரியாஸ்?”

“நிறுத்தி வெச்சிருக்காங்க.”

“நல்லது. யானையையும் நிறுத்தியாச்சு.”

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார். தகரத்தை நெம்பினால் உள்ளே இனிப்பு இருக்கும் என்று அந்த யானை நம் பெட்டியில் கற்றுக்கொண்டதாம். அதற்கப்புறம் பத்து நாளில் இரண்டு கார்களைப் பிரித்திருக்கிறது. இரண்டாவது காரின் பின் இருக்கையில் குழந்தைகள் இருந்தார்கள். குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி விட்டுவைக்க முடியாது என்று போன சனிக்கிழமை சுட்டுவிட்டார்கள்.

“பதினோரு வருஷமா என் வீட்டுக் குழாயில தண்ணி குடிச்சிட்டுப் போவான். ஒருநாளும் ஒரு தகரத்தத் தொட்டதில்ல” என்றார். “உங்க சமையல்காரன்கிட்ட நான் சொன்னேன்னு இதச் சொல்லு.”

சொல்கிறேன் என்று தலையாட்டியிருப்பேன், மாமா. தலை ஆட ஆரம்பித்துவிட்டது. உன் பெயரை அவர் எப்படிச் சொன்னார் என்றால், வாயில் கிடந்த கல்லைத் துப்புவது போல. உன் ரொட்டியைத் தின்ற வாய்.

“சமையல்காரர் இல்லீங்க. நான் வெச்சது” என்றேன்.

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் சரி என்றுகூட. அவர் பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, “எத்தனை பேர்?” என்றார். பதினெட்டு என்றேன். முத்திரை குத்தினார்.

பாஸ்போர்ட் கட்டோடு மாக்டா பின்னால் நின்றிருந்தாள். முகாமில் வண்டியை நிறுத்தியதும் சாவியைக் கேட்டாள். கொத்திலிருந்து இரண்டாவது பெட்டிச் சாவியைத் தானே தேடி எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். “அந்த ஆளு பிள்ளகுட்டிக்காரன். என் கையாலயே எழுத வெச்சிருக்கே. நாலு வாரமா என் பக்கத்துல உக்காந்து, டீ குடிச்சு, ரோட்டப் பத்திப் பேசிக்கிட்டு வந்திருக்கே” என்றாள். இவ்வளவு சத்தமாக நான் ஒரு மாதமாக எதையும் கேட்கவில்லை. அவள் மெதுவாகத்தான் பேசினாள்.

இதை நான் தைரியத்தால் செய்தேன் என்று நினைத்துவிடாதே. கசானேயிலேயே மாக்டாவிடம் சொல்லியிருக்கலாம். அம்மா கம்பிக்கு வெளியே நின்றதைப் படித்த பிறகும் முந்நூறு கிலோமீட்டர் பேசாமல்தான் ஓட்டினேன். விக்டோரியா அருவியிலிருந்து உன்னிடம் ‘என்ன செய்யட்டும்’ என்று கேட்டேனே, அது கேள்வி இல்லை. இன்னொரு முறை ‘வேண்டாம்’ என்று நீ சொல்ல வேண்டும் என்று கேட்டது. உனக்கு அது புரிந்திருக்கிறது. புரிந்தும் என்னைத் திட்டாமல் எழுதியிருக்கிறாய். அதைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

வழக்கம் என்று எழுதியிருந்தாய். அது ஆட்டுக்குச் சரி. உன் அக்காவின் அன்பையும், உன் பதினான்கு வருஷ வேலையையும், ஒரு காவலர் உன்மேல் வைத்திருந்த மதிப்பையும் சேர்த்து மருமகன் எடுத்துக்கொள்ளச் சொல்லி எந்த வழக்கமும் இல்லை.

மறுபேச்சுப் பேச உனக்கு இடம் கொடுக்காமல், செய்யப் போவதை வரிசையாகத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

உன் மருமகன்,
ஹிஸ்கியா

1. மாக்டா புது அறிக்கை எழுதிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது சாவி, ஆரஞ்சு வாங்கியது, வைத்தது, ஒரு மாதம் பேசாமல் இருந்தது, எல்லாம் என் பெயரில். இருட்டுவதற்குள் கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

2. திங்கட்கிழமை நீ உள்ளே போவதற்கு முன் நான் உள்ளே போவேன். நீ வெளியே பெஞ்சில் உட்கார். ‘பையன் என்னக் காப்பாத்தப் பொய் சொல்றான்’ என்று நடுவில் புகுந்து நாடகம் ஆடாதே. நீ ஆடுவாய் என்று தெரியும். மாக்டாவை வாசலில் நிறுத்தப் போகிறேன்.

3. எனக்கு வேலை போகும். போகட்டும். ஹென்னியிடம் இன்னொன்றும் சொல்வேன்: அந்த ரப்பர் புழுதிக்கு மட்டும்தான்.

4. அங்கிருந்து நேராக அம்மாவிடம். நீ கூட வரக் கூடாது. வாசல் கம்பிக்கு வெளியே நின்று சொல்வேன். கூப்பிட்டால் உள்ளே போவேன்.

5. டீச்சரம்மாவின் விலாசம் மாக்டாவிடம் இருக்கிறது. எழுதுவேன். எப்படி நடந்தது என்று விளக்க மாட்டேன். யார் செய்தது என்று மட்டும் எழுதுவேன்.

6. யானைக்கு. ஆறு என்று எண் போட்டுவிட்டு அரைமணி நேரமாக உட்கார்ந்திருக்கிறேன். இதற்கு எதிரே எழுத என்னிடம் ஒன்றும் இல்லை, மாமா.